யாரிடமும் கேட்காதே

"இது உள்நாடு. மஸ்கட் ஃபிளைட் இங்கேயில்லை" என்றார் வாசல் காவலர்.

முக்கால் மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு இதைக் கேட்ட லிங்கத்துக்குத் தலை சுற்றியது.

"பின்ன எங்க சார்?"

காவலர் கையை நீட்டினார். ஓடுபாதைக்கு அந்தப் பக்கம், கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இன்னொரு கட்டிடம் நின்றது. "அதாக்கும் இன்டர்நேஷனல். சாக்கையில இருக்கு. ரோட்டு வழி சுத்திப் போகணும். பின்னே, இன்னைக்கு..."

மீதியைக் கேட்க லிங்கம் அங்கே இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான்.

லிங்கம் கழக்கூட்டத்தில் ஒரு ஓட்டலில் தோசை மாஸ்டர். வள்ளியூரிலிருந்து வந்து நாலு மாதம்தான் ஆகிறது. மூன்று நேர்முகத் தேர்வில் தோற்று, நாலாவதில் மஸ்கட் ஓட்டல் வேலை கிடைத்திருந்தது. நாளைக் காலையில் அடுப்படியில் நிற்கவில்லையென்றால் வேலை அடுத்தவனுக்கு என்று மஸ்கட் முதலாளி சொல்லியிருந்தார். அதனால்தான் அறைத்தோழன் ஷிபினிடம் யோசனை கேட்டான்.

ஷிபின் ஒரே ஒரு முறை துபாய் போய், மூன்றே மாதத்தில் திரும்பி வந்தவன். அந்த அனுபவத்தில் பன்னிரண்டு விதிகள் எழுதிக் கொடுத்தான். மூன்று மணி நேரம் முன்னால் போ. பெட்டி தள்ளும் கூட்டத்தின் பின்னாலேயே போ. வீட்டை விட்டு இறங்கும்போதே போனை அணைத்துவிடு, சிக்னல் விமானத்துக்கு ஆகாது. கனமான சாமானைத் தோளில் மாட்டு. எல்லாவற்றிலும் முக்கியம், யாரிடமும் எதுவும் கேட்காதே. வாயைத் திறந்தால் புதுசு என்று தெரிந்துவிடும். ஃபிளைட் லேட், ஃபிளைட் இல்லை என்று எவனாவது சொன்னால் நம்பாதே, ஏமாற்று.

கூட்டத்தின் பின்னால் போனதில்தான் சங்குமுகத்தில், உள்நாட்டு விமான வாசலில் வந்து நின்றிருந்தான். ஏழு மணி விமானம். இப்போது ஐந்தாக ஐந்து நிமிடம்.

வெளியே நின்ற ஆட்டோவில் ஏறினான். ஆட்டோக்காரர் தங்கப்பன் வண்டியை எடுத்தார். முதல் திருப்பத்திலேயே போலீஸ் கயிறு கட்டியிருந்தது.

"பீச் ரோடு அடைச்சாச்சு. வள்ளக்கடவு வழி விடட்டா?"

"எந்த வழின்னாலும் விடும்!"

வள்ளக்கடவில் வண்டி அப்படியே நின்றுவிட்டது. எதிரே யானை. யானைக்குப் பின்னால் வாளேந்தியவர்கள், பல்லக்குகள், தெரு நெடுக மனிதத் தலைகள்.

"பத்மநாப சாமிக்கு ஆறாட்டு. கடலுக்குக் குளிக்கப் போகுது" என்றார் தங்கப்பன் பக்தியோடு. "தம்பி, ஃபிளைட் பத்தி ஒரு காரியம் சொல்லட்டா?"

"ஒண்ணும் சொல்லாண்டாம்!"

"நல்லதுக்காக்கும் சொல்லுதேன், இன்னைக்கு ஃபிளைட்டு..."

லிங்கம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். பிறகு அங்கேயே உட்கார்ந்திருப்பதும் பயமாக இருந்தது. நடந்தே கடந்துவிடலாம் என்று இறங்கி, கூட்டத்துக்குள் தலையை நுழைத்தான். அந்த நேரம் பார்த்துத் தோள்பை வார் அறுந்தது. பையிலிருந்த தோசைக்கல் தார்ச்சாலையில் 'ணங்'கென்று விழுந்தது. மூச்சுச் சத்தம்கூட இல்லாமல் கைகூப்பி நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு தொண்டர் அவனையும் கல்லையும் சேர்த்து ஓரமாகத் தள்ளிவிட்டார்.

"குளிக்கதுக்கு இன்னைக்குத்தான் நேரம் கெடச்சுதா சாமி?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டான் லிங்கம். கேட்டதும் பயந்து கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

திரும்பி வந்தால் ஆட்டோவைக் காணோம். தங்கப்பன் வண்டியைப் பின்னால் எடுத்து ஏதோ ஒரு சந்தில் நிறுத்தியிருந்தார். அதைத் தேடிப் பிடிக்கவே இருபது நிமிடம். ஊர்வலம் முழுதும் கடந்து, வழி விட்டு, சாக்கைக்கு வந்து சேர்ந்தபோது மணி ஆறே முக்கால்.

வாசலில் டிக்கெட்டைப் பார்த்த காவலர், "மெதுவாப் போங்க" என்று சிரித்தார். ஏமாற்று, என்று நினைத்துக்கொண்டு லிங்கம் பறந்தான்.

மஸ்கட் கவுண்டரில் ஈ காக்காய் இல்லை. ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள் என்று டிக்கெட்டிலேயே போட்டிருந்தது. சுற்றிலும் நாற்காலிகளில் சிலர் காலை நீட்டிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். பாவம், இவர்களும் தவறவிட்டவர்கள்தான். மனத்தைத் தேற்றிக்கொண்டு தூங்குகிறார்கள். லிங்கத்தால் அப்படித் தேற்றிக்கொள்ள முடியவில்லை. தோசைக்கல்லை மடியில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான்.

தரை துடைத்துக்கொண்டு வந்த பெண் துடைப்பத்தை நிறுத்தினாள். சட்டையில் உலகம்மை என்று பெயர் இருந்தது.

"என்ன அண்ணாச்சி, எதுக்கு அழுதிய?"

ஊர்ப் பேச்சைக் கேட்டதும் லிங்கத்துக்கு விதியெல்லாம் மறந்துபோனது. மூக்கைச் சிந்திக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினான். கூட்டம், கயிறு, யானை, ஒன்றும் விடவில்லை. "அந்தச் சாமி ஊர்வலம் மட்டும் வழிய மறிக்கலேன்னா நான் ஃபிளைட்டப் பிடிச்சிருப்பேம்மா" என்று முடித்தான்.

உலகம்மை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஒங்கள மறிச்ச அதே சாமிதான் அண்ணாச்சி இப்ப ரன்வேயக் கடந்து கடலுக்குப் போயிருக்கு, அது குளிச்சிட்டுத் திரும்பி வாற வரைக்கும் இங்க கவுண்டரும் தெறக்காது, ஒரு ஃபிளைட்டும் எந்திரிக்காது!"