ஒரேவாக் கடற்கரையில் கரவனை மட்டப்படுத்திய விபரம்

ஒரேவா,
ஆக்லாந்து.
8.1.1997

பேரன்புக்குரிய நவரத்தினம் அத்தான் அவர்கட்கு,

அன்னபாக்கியமும் மகள் நிலானியும் நானும் இறையருளால் நலம். டொரன்டோப் பனிக்குள் தாங்களும் இராசமலர் அக்காவும் சளி, இருமலின்றி இருக்க வேண்டுகிறோம்.

நிற்க, முப்பது வருடம் நில அளவையாளராக இருந்த தாங்கள், என்னால் ஒரு மேசையைக்கூட ஆடாமல் வைக்க முடியாதென்று சபையில் கூறியதை நான் மறக்கவில்லை. ஆகவே நேற்று நடந்ததைத் தங்களுக்கே முதலில் அறியத்தருகிறேன்.

பாபகூராவிலுள்ள சிநேகிதர் மகேசன் தன் கரவனை, அதாவது காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற சில்லு வைத்த வீட்டை, ஒரு கிழமைக்கு இரவல் தந்தார். எங்கள் மவுண்ட் ரோஸ்கில் வீட்டிலிருந்து பத்திரமாக இழுத்துவந்து கடற்கரைப் புல்தரையில் விட்டேன். தரை நேராகத்தான் தெரிந்தது. ஆனால் அன்னபாக்கியம் தோசைக்கு எண்ணெய் விட, எண்ணெய் முழுக்கச் சட்டியின்ர ஒரு பக்கம் போய் நிண்டது. அலுமாரி தானாத் திறந்து மூண்டு முட்டை விழுந்தது. மத்தியானம் படுத்த நிலானி கட்டிலால உருண்டு கீழ வந்தாள். அன்னபாக்கியம் சொன்னா, "பின்னேரத்துக்கிடையில இது நேரா நிக்கோணும். இல்லாட்டி நானும் பிள்ளையும் வீட்ட போறம்." சத்தம் போடேல்லை. அதுதான் எனக்குப் பயம்.

நாலு மூலையிலயும் இருக்கிற இரும்புக் காலை இறக்கித் தாழ்ந்த பக்கத்தை உயத்தப் பாத்தன். கால் மண்ணுக்க புதைஞ்சு கரவன் இன்னும் சரிஞ்சுது. நிலானி யன்னலால எட்டிப் பாத்து, "அப்பா, ஸ்டில் வொங்கி" எண்டாள், இன்னும் கோணலாம். சில்லுக்குக் கல்லு வச்சன். சில்லு கல்லால வழுக்கி, மேசையில இருந்த தேங்காய்ப்பால் சொதி அன்னபாக்கியத்தின்ர மடியில. பக்கத்துக் கரவன்காரர் கிரேம், வெள்ளைக்காரர், கதிரை போட்டிருந்து பாத்துக்கொண்டிருந்தார். வெக்கத்தில கரவனுக்குக் கீழ பூந்து யோசிச்சன். அப்பதான் விளங்கிச்சுது அத்தான், அந்தக் கால் தூக்கிறதுக்கில்லை, ஆடாமல் பிடிக்கிறதுக்கு. ஓடிப்போய் ஒரு ரசமட்டமும் பலகையும் வாங்கி வந்தன். காலுகளை மேல எடுத்து, காரைத் திரும்பக் கொழுவி இழுத்துத் தாழ்ந்த பக்கச் சில்லைப் பலகையில மெல்ல ஏத்த, அன்னபாக்கியம் உள்ள நிண்டு ரசமட்டத்தின்ர குமிழியைப் பாத்து, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஓம், காணும்" எண்டா. சில்லுக்கு முட்டுக் குடுத்து, காரைக் கழட்டி, முன்பக்கத்தை உயத்தி, கடைசியாத்தான் நாலு காலையும் பலகைத் துண்டுகளில இறக்கினன். குமிழி நட்டநடுவில. அன்னபாக்கியம் விளிம்புமட்டும் தேத்தண்ணி ஊத்தி மேசையில வச்சா, ஒரு சொட்டுச் சிந்தேல்லை. "செய்திட்டியள்" எண்டா. கலியாணம் கட்டிப் பதினொரு வருசத்தில இப்பதான் கேக்கிறன்.

கிரேம் வந்து பாத்திட்டுத் தன்ர கரவனையும் மட்டப்படுத்தச் சொன்னார். அதைப் பாத்து இன்னும் ரெண்டு பேர். பொழுதுபட முதல் மூண்டையும் முடிச்சன். த்ரீ கிங்ஸ் கடையில தட்டுகளில சாமான் அடுக்கிற என்னை இஞ்ச எல்லாரும் "என்ஜினியர்" எண்டுதான் கூப்பிடுகினம்.

அக்காவுக்கு இதை உரக்க வாசித்துக் காட்டவும். முருகப்பெருமான் தங்களை என்றும் காத்தருள்க.

ஆடாத மேசையிலிருந்து,
தங்கள் மைத்துனன்,
தவராசா

பி.கு.: உறையை ஒட்டமுதல் மழை கொட்டத் தொடங்கீட்டுது. கரவனை ஒரு பக்கம் கொஞ்சம் சரிச்சு விடவேணுமாம், அப்பதான் கூரைத் தண்ணி வழிஞ்சு ஓடுமாம். நான் விட்ட மட்டத்தில தண்ணி கூரையில குளமாகி, கூரை யன்னலால கட்டிலுக்கு இறங்கீட்டுது. மற்ற மூண்டு கரவனிலயும் அதே கதைதான். கிரேமும் மற்ற ரெண்டு பேரும் நனைஞ்ச தலையணையோட வாசல்ல நிண்டு "என்ஜினியர்" எண்டு கூப்பிடுகினம். நான் உள்ள இல்லையெண்டு அன்னபாக்கியம் சொல்லிப் பாக்கிறா.