அறுபது அடிக்கு ஒன்பது கிலோமீட்டர்

வாருங்கள், நெஞ்சில் ஈரமுள்ளோரே! இந்தத் தெருமுனையில் நிற்கும் சுவரைப் பாருங்கள். அதற்கப்பால் அறுபதடியில் மருத்துவமனை. சாலை வழியே போனாலோ ஒன்பது கிலோமீட்டர்! நகரம் வளர்ந்தது, மனைப்பிரிவுகள் முளைத்தன, ஒவ்வொன்றும் தன் தெருவின் வாயை அடைத்துக்கொண்டு, 'வெளியார் வண்டி நுழையாத அமைதி' என்று விளம்பரம் செய்தது. அந்த அமைதியின் நடுவேதான், காலை ஒன்பது மணிக்கு, தையற்காரியின் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.

ஆம்புலன்சை அழைத்தாள். அரைமணி கழித்து ஓட்டுநர் பேசினார்.

"அம்மா, மேப்புல உங்க வீட்டுக்குள்ளயே நிக்கிறேன்!"

"வீட்டுக்குள்ள நான்தான்யா நிக்கிறேன்! நீங்க எங்க?"

"முட்டுச்சந்துல. முன்னால சுவரு."

எலெக்ட்ரீஷியனான கொழுந்தன் போனைப் பிடுங்கினான். "ரிவர்ஸ் எடுத்து அடுத்த தெருவுல வாங்க!"

வந்தார். அங்கே வாயிலில், உயர வண்டிகளைத் தடுக்க ஓர் இரும்புக் குறுக்குச் சட்டம். ஆம்புலன்சின் சுழல்விளக்கு அதில் சிக்கியது. முன்னும் நகராது, பின்னும் நகராது. காப்பாற்ற வந்த வண்டியைக் காப்பாற்ற இன்னொரு வண்டிக்குச் சொல்லியனுப்பினார்கள்.

"இனி தாங்காது அண்ணி. என் ஏணி இருக்கு, சுவரேறிடுவோம்."

துணி வெட்டும் பலகையில் கணவரைக் கிடத்தி, யாரோ தைக்கக் கொடுத்த துணியைக் கிழித்துக் கட்டினாள். வாழ்நாளில் அவள் அளவெடுக்காமல் கிழித்த முதல் துணி அது.

பலகை சுவரின் உச்சியை எட்டியபோது, அந்தப் பக்கம் மருத்துவமனைக் காவலாளி பதிவேட்டோடு நின்றிருந்தார்.

"வண்டி நம்பர் சொல்லுங்க."

"ஏணிக்கு ஏதுய்யா நம்பர்?" என்றான் கொழுந்தன்.

"அப்ப 'நடந்து வந்தவர்'னு போடவா?"

"நடந்து வந்தா நாங்க ஏன்யா தூக்கிட்டு வர்றோம்?"

"கோவிச்சுக்காதீங்க தம்பி. ரெண்டுல ஒண்ணு எழுதாம விட்டா என் வேலை போயிடும்."

சுவரின்மேல் ஒரு மனித உயிர் தராசுத்தட்டாய் ஆடிக்கொண்டிருந்தது! தையற்காரி அந்தப் பக்கம் குதித்தாள், பதிவேட்டைப் பிடுங்கினாள், 'பறந்து வந்தவர்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

"இப்ப பிடிய்யா பலகையை!"

காவலாளி பிடித்தார். ஓடினார்கள். அவசரப் பிரிவில் ஒரே ஒரு நர்ஸ். அவள் நோயாளியின் மார்பை அழுத்தினாள், அழுத்திக்கொண்டே இருந்தாள், பிறகு மெல்லக் கையை எடுத்தாள்.

"டாக்டர் எங்கம்மா? ஒரு டாக்டர்கூடவா இல்ல?" என்று அலறினாள் தையற்காரி.

நர்ஸ் தயங்கினாள். "உங்க வீடு எங்கம்மா?"

"இதோ, பின்சுவர்த் தெரு. நாலாம் நம்பர்."

நர்ஸ் தலைகுனிந்தாள். "டாக்டர் போன மாசம்தான் அஞ்சாம் நம்பருக்குக் குடிவந்தார்மா. நெஞ்சுவலிக் கேஸ் வருதுன்னு நாங்க கூப்பிட்டதும் உங்களுக்காகத்தான் வீட்டுலேர்ந்து கிளம்பினார். இன்னும் சுத்திக்கிட்டேதான் இருக்கார்."

தோழர்களே, கண்ணீர் வேண்டாம்! நாளைக் காலை நகர்மன்ற வாசலில் திரண்டு, தெருக்களைத் திறக்கச் சொல்லுங்கள். சுவரேறியாவது வாருங்கள், சாலை வழியே வந்தால் பொழுது சாய்ந்துவிடும்!