ஆப்சென்ட் ஐயாவின் ஆண்டாய்வு

வந்திருக்கிற பிள்ளைகளை விட்டுவிட்டு, வராத பிள்ளைகளை ஆய்வு செய்த அதிகாரி இந்தப் பூவுலகில் ஒருவர்தான் உண்டு. அவர் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே சைக்கிளில் திரிந்தார். வேறு யாராவது இருந்தார்களா என்று நான் நிறையப் படித்துத் தேடியாயிற்று, கிடைக்கவில்லை.

அரசாங்கம் அவருக்கு வைத்திருந்த பெயர் பள்ளி ஆய்வாளர். நாங்கள் வைத்தது ஆப்சென்ட் ஐயா. எண்பதுகளின் நடுவில், எஸ்டேட் என்று நாங்கள் சொல்லும் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்த ஓர் அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளியில் நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியர். தகுதிகாண் காலம் இன்னும் முடியவில்லை. அதாவது, ஆய்வாளர் ஒரு வரி தவறாக எழுதினால் வீட்டுக்குப் போகலாம்.

அந்தக் காலத்துப் பள்ளிகளில் ஒரு வழக்கம் இருந்தது. ஆண்டாய்வு நாளன்று, வாசிக்க வராத பிள்ளைகளிடம் முதல் நாளே "நாளைக்கு வராதே" என்று சொல்லிவிடுவோம். காலியிடத்தில் மேல் வகுப்புக் கெட்டிக்காரர்களைக் கொண்டுவந்து உட்கார வைப்போம். ஆய்வு நாளில் மூன்றாம் வகுப்பில் சிலருக்கு மீசை அரும்பியிருக்கும்.

ஆப்சென்ட் ஐயா இந்த மீசைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். வருகைப் பதிவேட்டை வாங்குவார், வராதவர் பெயர்களை எழுதிக்கொள்வார், சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஆவடிப் பக்கம் ஒரு பள்ளியில் ஏழு பேருக்குக் காய்ச்சல் என்றார்களாம். அந்த ஏழு பேரும் ஏரியில் குதித்துக்கொண்டிருந்தார்கள். கரையிலேயே உட்கார்ந்து தேர்வு வைத்துவிட்டு, "ஏரிக்கரைக் கிளை சிறப்பாக இயங்குகிறது" என்று அறிக்கை எழுதினார்.

அவருக்கு நண்பர் என்று யாரும் இல்லை. ஆசிரியர் கையால் ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டார். எங்கள் அறைக்குள் அவர் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். அது தெரிந்தோ என்னவோ, மதியம் கொடிக்கம்பத்தடியில் நின்றபடியே தயிர்ச்சோற்றை முடித்துக்கொள்வார். என் கல்யாணத்துக்கு அழைத்தேன். வந்தார், மண்டபத்துக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் நின்று கையசைத்தார்.

"உள்ள வாங்க சார்!"

"உங்க ஊட்டு சாம்பாரு நல்லா இருந்துச்சுன்னா, நாளைக்கு உங்களப் பத்தி எழுதறப்ப பேனா வழுக்கும் சார்" என்றவர், அடுத்து வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

அதற்கடுத்த வாரம் புதன்கிழமை, காலை பத்து மணி ஐந்து நிமிடம். நேரத்தை அன்றே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். டீக்கடைக்காரர் ஓடி வந்தார்.

"வாத்தியாரே, ஐயா வந்துகினு கீறாரு! லெவல் கிராசிங்ல மாட்டிகினாரு. பத்து நிமிசம் டைம் கீது!"

வந்தவர் என் பதிவேட்டை வாங்கினார். வராதவர் ஒருவர்தான்: ஸ்டெல்லா. "நாளைக்கு வராதே" என்று முதல் நாளே தலைமையாசிரியர் என்னிடம் சொன்னார், நான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

"ஊடு எங்க? நீங்க மிதிங்க, நான் பின்னால உக்காந்துக்கறேன்."

மிதித்தேன். நான்கு தெரு சுற்றிய பிறகுதான், வீடு எனக்குத் தெரியாது என்பது எங்கள் இருவருக்கும் உறுதியாயிற்று. ஒரு கடையில் நிறுத்தி வழி கேட்டேன்.

கடைசியில் கண்டுபிடித்தோம். ஸ்டெல்லா சீருடை போட்டு, தலை வாரி, வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடித் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவள் அம்மா எஸ்டேட்டில் பேக்கிங் வேலை பார்ப்பவர்.

"இன்னா சார், எம்பொண்ணு திருடுச்சா? பெரிய ஐயா வர்றாரு, நீ வராதன்னா அது இன்னா நெனச்சுக்கும்? இனிமே இஸ்கூலுக்கே போ மாட்டேன்னு அயுவுது."

தெருமுனைக்கு வந்ததும் ஐயா சைக்கிளை வாங்கிக்கொண்டார்.

"மெமோ குடுப்பேன். அது அந்தப் பொண்ண வராதன்னு சொன்னதுக்காக. திங்கக்கிழமை அது வகுப்புல இருக்கணும். இல்லன்னா, ஒரு குழந்தைய வெளிய தொரத்துனீங்கன்னு எழுதுவேன். அப்புறம் உங்க வேலைய யாராலயும் காப்பாத்த முடியாது."

வியாழன் போனேன்; டிரம்முக்குப் பின்னால். வெள்ளி போனேன், டிரம்முக்குப் பின்னால். சனிக்கிழமை மிட்டாயோடு போனேன். மிட்டாய் மட்டும் டிரம்முக்குப் பின்னால் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை, மாதா கோவில் பூசை முடிந்து அவர்கள் திரும்பும் நேரத்துக்குப் போனால், எதிர்வீட்டுக் கல்லில் ஆப்சென்ட் ஐயா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "நான் இங்க இல்ல. நீங்க போங்க" என்றார் பேப்பருக்குள்ளிருந்து.

நான் டிரம்முக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

"ஸ்டெல்லா, நான் சொன்னது தப்பு. உனக்குப் படிக்கத் தெரியாம இல்ல. எனக்குத்தான் சரியா சொல்லிக் குடுக்கத் தெரியல."

டிரம் பேசியது:

"அப்ப அடுத்த தபா பெரிய ஐயா வந்தா, நீங்க ஊட்லயே இருப்பீங்களா சார்?"

எதிர்வீட்டிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. அவர் உடனே அதை இருமலாக மாற்றிக்கொண்டார். அவர் சிரித்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

திங்கட்கிழமை ஸ்டெல்லா வந்தாள். அன்றைய தபாலில் மெமோவும் வந்தது. புதன்கிழமை பள்ளி விட்ட பிறகு ஐயாவே வந்தார், கடைசி பெஞ்சில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு புதனும் வந்தார். அம்மாவோடு பஸ்ஸில் போகும் ஸ்டெல்லா ஆவடி, பூந்தமல்லி, வேலப்பன்சாவடி என்று பஸ் போர்டுகளை அடையாளம் காண்பாள் என்பதை, ஆறு மாதம் பாடம் நடத்திய நான் அல்ல, அவர்தான் கண்டுபிடித்தார். "அவ ஏறுன பஸ்ஸுலயே நீங்களும் ஏறுங்க சார்" என்றார். அட்டைகளில் ஊர்ப் பெயர்கள் எழுதி ஆரம்பித்தோம். முழு ஆண்டுத் தேர்வுக்குள் பாடப் புத்தகத்துக்கு வந்துவிட்டாள். என் தகுதிகாண் காலமும் முடிந்தது. அதற்கான பரிந்துரையை எழுதியவர் அவரேதான். ஆனால் மெமோவை அவர் திரும்பப் பெறவில்லை.

தொண்ணூறுகளில் ஓய்வு பெற்றார். மெமோ வாங்காத ஆசிரியர் வட்டாரத்தில் இல்லாததால் வழியனுப்பு விழா நடக்கவில்லை. எனக்குத் தகவலே தாமதமாகத்தான் தெரிந்தது.

சில மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை மாலை, ஆவடி ரயில் நிலையத்தில் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். கையில் பையில்லை. போய் வணக்கம் சொன்னேன். வெகு நேரம் பார்த்தார். என் பெயர் நினைவுக்கு வரவில்லை.

"நீங்க... ஸ்டெல்லாவோட வாத்தியாரு இல்ல?"

"ஆமா சார்."

"படிக்குதா?"

"ஒம்பதாவது சார்."

தலையை ஆட்டிக்கொண்டார். எங்கே போக வேண்டும் என்று கேட்டேன். எங்கேயும் இல்லை, சாயங்காலம் ஆனால் இங்கே வந்து உட்காருவதாகச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் ஏற வேண்டிய வண்டி வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. அன்று நான் மூன்று வண்டிகளை விட்டேன் என்று நாட்குறிப்பில் இருக்கிறது.