துண்டர் இல்லாத பதினொரு நாட்கள்

டிராபிக் பொலிஸ்காரரைத் தூரத்தில் கண்டால் கொழும்பில் எல்லோரும் வேகத்தைக் குறைப்பார்கள். கூட்டுகிற ஒரே மனிதர் எங்கள் துண்டர்தான். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்தது. அதைச் சம்பளப் பட்டியலில் மட்டும் கண்டிருக்கிறேன்.

கையில் தருகிற எந்தச் சீட்டையும் யாழ்ப்பாணத்தவர் துண்டு என்போம். பொலிஸ்காரர் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு தருகிற குற்றச்சீட்டும் எங்களுக்குத் துண்டுதான். அந்தத் துண்டைப் பற்றி இந்தத் தீவில் அவருக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. அதனால் துண்டர்.

யுத்த காலம். கொழும்பில் எந்த வீட்டில் தங்குகிறோம் என்று தமிழர் பொலிசில் பதிய வேண்டும். நான் வெள்ளவத்தையில் குடியிருந்துகொண்டு, கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன வாகனக் காப்புறுதிக் கந்தோரில் நட்டஈட்டுப் பகுதியில் வேலை செய்தேன். எதிர் மேசை துண்டருடையது. ஆனால் அந்த மேசையில் அவரைவிடப் பூனையைத்தான் அதிகம் கண்டிருக்கிறேன். விபத்து வழக்குகளின் பிரதிகளை நீதிமன்றங்களிலிருந்து எடுத்து வருவது அவருடைய வேலை. ஒரு பழைய ஸ்கூட்டர் வைத்திருந்தார். அதில் ஒழுங்காக வேலை செய்தது ஹோர்ன் ஒன்றுதான்.

பின்னேரங்களில் அவர் வாடகைக்கு இருந்த அனெக்ஸ் வாசலில் கூட்டம் நிற்கும். துண்டு சிங்களத்தில் இருக்கும். எங்கள் ஆட்கள் அதைத் தூக்குத் தண்டனை போலக் கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள். துண்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசிப்பார்.

"மேல இருக்கிறது பொலிஸ் ஸ்டேஷன். இது எழுதின பொலிஸ்காரர், ரால்ஹாமியின்ரை நம்பர். இது குற்றம். பயப்பிடாதேங்கோ மாஸ்டர், சிக்னல் போடாமல் திரும்பினதுக்குத்தான். போஸ்ட் ஒபிஸில காசைக் கட்டி ரசீதைக் காட்டினால் லைசென்ஸ் வரும். கட்டாமல் விட்டால்தான் கேஸாகிக் கோட்டுக்குப் போகும்."

ஒருமுறை ஊரிலிருந்து புதிதாக வந்த ஒருவர், பொலிஸ்காரர் கையில் திணித்த கடதாசியோடு வந்தார். இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். துண்டர் முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார்.

"தம்பி, இதுக்குக் கோட்டுக்குப் போகத் தேவையில்லை. இது பொலிஸ் விளையாட்டுப் போட்டிக்கு அடிச்ச லொத்தர் டிக்கெட். விழுந்தால் ரேடியோ தருவாங்கள்."

பழைய வழக்கைத் தேடுவதிலும் அவர்தான் மன்னன். மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரித்ததுமே தொடங்கிவிடுவார். "தங்கச்சி, பதிவறையில போய்ப் பேரைச் சொல்லிக் கேக்கப்படாது. பேரால அங்க ஒண்டும் கிடையாது. எந்தப் பொலிஸ் ஸ்டேஷன், வழக்குக் கூப்பிட்ட தவணை நாள் எது, அண்டைக்கு எத்தினையாவது பைல் கட்டு. இந்த மூண்டும் தெரிஞ்சால் நீ இராவணன்ரை வழக்கையும் எடுக்கலாம்." கேட்டுக் கேட்டு எனக்கு அது மனப்பாடம். சோறு ஆறிப்போனதுதான் மிச்சம் என்று அப்போது நினைத்திருந்தேன்.

இதுவரை சொன்னதில் பைத்தியம் எதுவும் இல்லை. இனித்தான் இருக்கிறது.

மற்றவர்களுக்குத் துண்டு வாசித்தவர் தனக்கென்று துண்டு சேர்த்தார். மாதம் ஒன்று. வேண்டுமென்றே கை காட்டாமல் திரும்புவார், இல்லாவிட்டால் ஒருவழிப் பாதையில் எதிரே வருவார். அதையும் தபால் கந்தோரில் கட்டமாட்டார். நீதிமன்றத்துக்குப் போய், கை கட்டி நின்று, குற்றவாளி என்று ஒப்புக்கொண்டு, அங்கேதான் கட்டுவார். ஏனென்று ஒருநாள் கேட்டேன்.

"இஞ்ச பார் தங்கச்சி. ஐடென்டிட்டி கார்ட் நான் ஆர் எண்டு சொல்லும். பொலிஸ் பதிவு நான் எங்க படுக்கிறன் எண்டு சொல்லும். பகல் முழுக்க நான் எங்க நிண்டனான் எண்டு ஆர் சொல்லுறது? நாளைக்கு எங்கயாவது குண்டு வெடிச்சுப் பிடிச்சுக்கொண்டு போனால், நீ சொன்னால் நம்புவாங்களோ? துண்டு அப்பிடியில்லை. இடம், நாள், நேரம் போட்டு பொலிஸே சைன் வைச்சுத் தாறான். கோட்டுக்குப் போனால் அது ரெக்கோர்ட். அழிக்க ஏலாது."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "அண்ணை, குண்டு வெடிக்கிற நேரம் முன்னமே தெரிஞ்சால்தானே அந்த நேரத்துக்குத் துண்டு எடுக்கலாம்?"

துண்டர் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாளிலிருந்து மாதம் ஒன்றாக இருந்தது கிழமைக்கு ஒன்றாகியது.

பாவம், இதில் அகப்பட்டவர் வெள்ளவத்தைச் சந்தியில் காலையில் நிற்கிற ரால்ஹாமி. கொஞ்சம் தொந்தியும் நரைத்த மீசையும், வெயில் ஏறினால் மூச்சு வாங்கும். சிங்களவர். சந்தைக்கு வருகிற எங்கள் பெண்களிடம் பழகி, தமிழ் ஓரளவு கதைப்பார். ஒருநாள் எட்டேகால் மணிக்கு நான் பஸ்ஸுக்கு நிற்கிறேன். துண்டரின் ஸ்கூட்டர் பாதசாரிகள் கடக்கிற மஞ்சள் கோட்டைத் தாண்டிப் போய், தானாகவே ரால்ஹாமியின் காலடியில் நின்றது.

"அனே மாத்தயா, யன்ன," என்று ரால்ஹாமி கையெடுத்துக் கும்பிட்டார். "போங்க. ஐயா நல்ல ஆள். எழுத ஏலாது."

"எழுதத்தான் வேணும். மஞ்சள் கோட்டில ஒரு அம்மா நிண்டவ. நான் நிப்பாட்டேல்லை. அது பெரிய குற்றம்."

"அந்த அம்மா ரோட் மாறுறது இல்ல. அவ பஸ்ஸுக்கு நிக்கிறது."

அந்த அம்மா நான்தான். துண்டர் என்னைப் பார்த்தார். "தங்கச்சி, நீ ரோட்டைக் கடக்கத்தானே நிண்டனீ? சொல்லு!"

பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடிக்கிறான், சந்தி முழுக்க எங்களைப் பார்க்கிறது. "ஓம்," என்று சொல்லிவிட்டேன். பொலிசுக்கு என் வாழ்க்கையில் சொன்ன ஒரே பொய் அது. ரால்ஹாமி பெருமூச்சு விட்டுக்கொண்டு புத்தகத்தை எடுத்தார். கிழித்துக் கொடுக்கும்போது, இப்போது சட்டம் மாறிவிட்டது, சின்னக் குற்றத்துக்கு நீங்கள் நீதிமன்றத்துக்கு வரத் தேவையில்லை, நாங்களே கோட்டுக்கு அனுப்பிப் பதிவித்துவிடுவோம் என்றார். துண்டர் அந்தத் துண்டை வாங்கிக் கண்ணில் ஒற்றாத குறைதான்.

அதற்குப் பிறகு சில மாதம் போயிருக்கும். கொட்டாஞ்சேனைக்கு வருகிற வழியில் புதிதாக ஒரு சோதனைச் சாவடி போட்டார்கள். அங்கே ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே பிஸ்கட் டின் நிறையத் துண்டு. அதன் மேல் ஒரு கொப்பி. பதிவறைகளில் திரிந்த பழக்கத்தில் மனிதர் தன் துண்டுகளுக்கு ஓர் அட்டவணை எழுதி வைத்திருந்தார். தமிழில்.

ஒவ்வொரு துண்டின் நாளுக்கும் நம்பருக்கும் பக்கத்தில் ஒரு குறிப்பு. அதில் ஒரு வரி இப்படி இருந்தது: 'வெள்ளவத்தைச் சந்தி. காலை 8.15. ஒரு ரால்ஹாமி, தனி ஆள். ஒன்பது மணிக்கு மாறுவார். அடுத்த சந்தியில் ஒருவரும் இல்லை.' இப்படி நாற்பத்தெட்டு வரி. துண்டரைப் பிடித்துக்கொண்டு போன பிறகு நாங்கள் வைத்த லோயர் அதைப் பார்த்தெழுதிக்கொண்டு வந்து காட்டியபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே துண்டர் மேல் சந்தேகம் வந்தது.

தன்னைக் காப்பாற்ற என்று சேர்த்ததே அவரை உள்ளே தள்ளிவிட்டது. லோயர் ஒளிக்காமல் சொன்னார். டின்னிலுள்ள துண்டுகள் கள்ளமாக அடித்தவையாகவும் இருக்கலாம் என்பார்கள். நீதவான் முன்னால் நிறுத்தும்போது, கொப்பியிலுள்ள ஒவ்வொரு வரிக்கும் உண்மையில் வழக்கு இருக்கிறது என்று காட்டினால் அது வெறும் அபராதப் பட்டியல். காட்டாவிட்டால் வேவு பார்த்த கணக்கு. கேஸ் மேலிடத்துக்குப் போகும். போனால் எப்போது வருவார் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. எங்களுக்குக் கிடைத்தது இரண்டு நாள்.

நாங்கள் நானா என்று கூப்பிடுகிற எங்கள் முஸ்லிம் மெனேஜர் கந்தோரைப் பூட்டாத குறையாக எனக்கு லீவு தந்தார். துண்டரும் இல்லாமல், வாழ்க்கையில் முதல்முறை பதிவறைக்குப் போனேன். அங்கிருந்த லிகிதர், யாருடைய பெயரில் வழக்கு என்று கேட்க வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். "பேர் வேண்டாம். ஸ்டேஷன், தவணை நாள், கட்டு நம்பர் சொல்லுறன்." அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "துண்டு மாத்தயாவின் ஆளா?" என்று சிங்களத்தில் கேட்டார். ஓம் என்றதும் ஏணியை எடுத்தார்.

தூசியில் தும்மித் தும்மி இரண்டு நாளும் தேடினோம். முப்பத்தேழு வரிக்கு வழக்குக் கிடைத்தது. பதினொன்றுக்கு இல்லை. கட்டைத் தலைகீழாகக் கவிழ்த்தும் இல்லை. அந்தப் பதினொன்றும் வெள்ளவத்தைச் சந்தி, காலை எட்டேகால். நான் பொய் சாட்சி சொன்ன துண்டும் அதற்குள் ஒன்று.

அன்று ரால்ஹாமிக்குப் பின்னேர டியூட்டி என்று கேட்டறிந்து, நேரே சந்திக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் ரால்ஹாமி தொப்பியைக் கழற்றினார்.

"நான் அனுப்பினது இல்ல, நோனா," என்றார். "அந்த ஐயா சந்தோசத்துக்கு எழுதிக் குடுத்தது. லைசென்ஸ் அடுத்த நாள் நான் குடுக்கிறது. கோட்டுக்குப் போக ஆசைப்படுற மனுசனை எப்படிக் கோட்டுக்கு அனுப்புறது?"

ஊருக்கெல்லாம் ரெக்கோர்ட் தேடிக் கொடுத்தவர், தன்னுடையதைத் தேடிப் பார்க்கவில்லை. ரால்ஹாமி சொன்னால் சரி என்று இருந்துவிட்டார்.

வந்து சாட்சி சொல்லுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. குற்றச்சீட்டை எழுதி அனுப்பாமல் விட்டது பொலிசில் சின்னக் குற்றம் இல்லை. அவருக்குப் பென்ஷனுக்கு இரண்டு வருடம் இருந்தது. கட்டிக் கொடுக்க மகள் இருந்தாள். நான் வீட்டுக்கு வந்து அழுதேன், அதையும் மறைப்பானேன்.

அடுத்த நாள் நீதிமன்றத்தில் துண்டரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஷேவ் செய்யாத முகம், கண்ணாடியில் ஒரு பக்கம் வெடிப்பு. லோயர் முப்பத்தேழு பிரதியையும் கொடுத்தார். மிச்சம் பதினொன்று எங்கே என்று நீதவான் கேட்டார். லோயர் கடதாசிகளைத் திரும்ப எண்ணத் தொடங்கினார். அப்போது பின் கதவால், துவைத்து ஸ்திரி போட்ட யூனிஃபோர்மோடு ரால்ஹாமி வந்தார்.

ஒன்றையும் ஒளிக்கவில்லை. பதினொன்றும் தான் எழுதியவை, அனுப்பாதது தன் பிழை, இந்த மனிதர் ஒருவருக்கும் கேடு செய்யத் தெரியாதவர் என்று சொல்லிவிட்டு விறைப்பாக நின்றார். இப்படித் துண்டு சேர்ப்பது எதற்காக என்று நீதவான் துண்டரைக் கேட்டார். நான் எங்கே நின்றேன் என்பதற்கு அரசாங்கத்தின் எழுத்து வேண்டும் ஐயா, என்னுடைய சொல்லை யார் எடுப்பார்கள் என்று துண்டர் தன் நல்ல சிங்களத்தில் சொன்னார்.

நீதவான் விடுதலை என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் துண்டருக்கு விடுதலையில் கவனம் இல்லை. ரால்ஹாமியையே பார்த்துக்கொண்டு நின்றவர், தமிழிலேயே வெடித்தார்.

"அப்ப அந்தப் பதினொரு நாளும் நான் எங்கயும் இருக்கேல்லையோ?"

முதலியார் என்று அழைக்கிற கோட்டு மொழிபெயர்ப்பாளர் அதை நீதவானுக்குச் சிங்களத்தில் சொன்னார். சிலர் சிரித்தார்கள். நீதவான் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, லிகிதரைப் பேனாவை எடுக்கச் சொன்னார். கொப்பியிலுள்ள பதினொரு நாளையும் ஒவ்வொன்றாக வாசித்தார். அன்று, அந்த நேரத்தில், இந்த மனிதர் அந்தச் சந்தியில் இருந்தாரா? இருந்தார் என்று ரால்ஹாமி பதினொரு தடவையும் சொன்னார். பதினொன்றும் பதிவாகியது. கடைசி நாளை எழுதி முடித்தபோதுதான் துண்டர் கைலேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

ரால்ஹாமிக்கு வேலை போகவில்லை, தெமட்டகொடைக்கு மாற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு துண்டர் கந்தோருக்கு வருகிற வழியும் மாறியது. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குத் தெமட்டகொடையால் சுற்றி வருகிற ஆளை நீங்கள் கண்டிருக்கமாட்டீர்கள். ஒருநாள் நானும் பின்னால் ஏறி வந்தேன். ரால்ஹாமி நிற்கிற சந்தி தூரத்தில் தெரிந்தது. துண்டர் வேகத்தைக் குறைத்தார். கை காட்டி, மஞ்சள் கோட்டுக்கு முன்னால் நிறுத்தி, தலையைக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். ரால்ஹாமி மற்றப் பக்கம் முழுவதையும் மறித்து எங்களுக்கு வழி விட்டார்.

பிறகு துண்டர் கனடாவில் தமக்கையிடம் போனார். கொஞ்ச நாளில் கடிதம் வந்தது. 'தங்கச்சி, இஞ்ச பொலிசைக் கெஞ்சத் தேவையில்லை. காமெரா தானாப் பிடிச்சு, படத்தோடை வீட்டுக்குத் துண்டு அனுப்புது. ஒரு குறை. காரின்ரை பின்பக்கம் மட்டும்தான் விழுது, என்ரை முகம் விழேல்லை.'

போன வருடம் அவர் அங்கே காலமானார் என்று அவருடைய தமக்கையின் மகள் போனில் சொன்னாள். சென்ற கிழமை ஒரு வேலையாக அந்தப் பழைய நீதிமன்றத்துக்குப் போனேன். அந்தக் காலத்துக் கட்டுகள் இப்போது இல்லையாம். கறையான் பிடித்தவற்றை அகற்றிவிட்டார்களாம். அனெக்ஸ் இருந்த இடத்தில் ஏழு மாடி நிற்கிறது. எங்கள் கந்தோரும் இல்லை. துண்டர் இதைக் கேட்டிருந்தால் இரண்டு நாள் கதைத்திருக்கமாட்டார்.

அதனால் நான் எழுதி வைக்கிறேன். வெள்ளவத்தைச் சந்தி, காலை எட்டேகால், துண்டர் அங்கே இருந்தார். மஞ்சள் கோட்டில் நின்ற அம்மா சாட்சி. இந்த முறை பொய் சொல்லவில்லை.