வாசித்ததாக எடுத்துக்கொள்ளப்பட்ட தீர்மானம்

கர்த்தருக்குள் அன்பான மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. தேவகிருபையால் இங்கே நானும் நாலு பீரோவும் சுகம். அங்கே உங்கள் சுகத்துக்கும், என் மகள் சுகத்துக்கும், சபைக் கமிட்டியின் செயலாளர் என்ற முறையில் உங்களுக்கு வரவேண்டிய நல்ல புத்திக்கும் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.

நிற்க. நம் கோயிலின் ஆவண அறையைக் காலி செய்து, இளைஞர் இசைக்குழுவின் டிரம்ஸுக்கும் ஸ்பீக்கருக்கும் கொடுப்பது என்று போன ஞாயிறு கூட்டத்தில் முடிவு செய்துவிட்டீர்கள். நூற்றைம்பது வருடத்து ஞானஸ்நான, கல்யாண, அடக்கப் பதிவேடுகளெல்லாம் மணிக்கூண்டுப் படிக்கு அடியில் போகுமாம். மழைக்காலத்தில் அங்கே ஒழுகுவதற்கு வாளி வைக்கிறோம் என்பது உங்களுக்கும் தெரியும். வாளி வாங்கிக் கொடுத்ததே நீங்கள்தான். ஆகவே இந்த அறையின் காப்பாளனாகிய நான் உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். வெளியே வரமாட்டேன்.

நடந்ததைக் கேளுங்கள். காலையில் நீங்கள் அனுப்பிய தச்சர் வந்து பெரிய பீரோவைத் தள்ளினார், அது வாசலில் நுழையவில்லை, சாய்த்துப் பார்த்தார், அப்போதும் நுழையவில்லை, "இது எப்படி சார் உள்ள வந்துச்சு?" என்று என்னையே கேட்டார், "உள்ள வரவே இல்லப்பா, இங்கேயே வச்சுதான் செஞ்சாங்க, அந்தக் காலத்துக் கமிட்டிக் கூட்ட மினிட்ஸ்ல இருக்கு" என்றேன், அவர் பீரோவை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கதவு நிலையைப் பெயர்க்க உளியில் ஒரு போடு போட்டார், அந்த அதிர்வில் வராந்தாவில் காத்திருந்த பெரிய டிரம் உருண்டு, படியிறங்கி, கோயிலுக்குள்ளே கல்யாண ஒத்திகை நடந்துகொண்டிருந்த நடுப்பாதை வழியாக நேரே மணப்பெண் பக்கத்தில் போய் நின்றது. "சம்மதமா?" என்று அப்போதுதான் கேட்டிருந்த போதகருக்கு 'டம்' என்று பதில் வந்தது. பெண் சிரித்த சிரிப்பில் மாப்பிள்ளைப் பையனின் அம்மாவுக்குக் கோபம். எல்லாரும் அங்கே ஓடிய நேரத்தில்தான் நான் தாழ்ப்பாளைப் போட்டேன்.

"பழைய பேப்பர்தானே மாமா" என்றீர்கள் அன்றைக்கு. போன மாதம் ஒரு லாரி டிரைவர் வந்தார். அப்பா முகமே பார்க்காதவர். அவருடைய அப்பாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த வரியைத் தேடி எடுத்துக் காட்டினேன். அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு அந்த மனிதர் அழுதார். நானும் அழுதேன், அதிலென்ன வெட்கம்? அந்த வரி நனைந்து அழிந்தால் அவர் வேறு எங்கே போய் அப்பாவைத் தேடுவது? இதற்காக நான் யாரோடும் மல்லுக்கட்டுவேன், பெண்ணைக் கொடுத்த மாப்பிள்ளையோடும்.

சும்மா வாய்ச்சவடால் என்று நினைக்க வேண்டாம். சட்டம் என் பக்கம். பெயருக்குச் செயலாளர் நீங்கள், மினிட்ஸ் எழுதுவது நான். வருடத் தொடக்கத்துக் கூட்டத்தின் ஏழாம் தீர்மானத்தைப் பாருங்கள்: 'ஆவண அறை, இப்போதைய காப்பாளரின் ஆயுள் உள்ளவரை எக்காரணத்தாலும் கைமாறலாகாது.' "இத யாரு எப்ப பேசினாங்க மாமா?" என்பீர்கள். யாரும் பேசவில்லை. நான் எழுதினேன். அடுத்த கூட்டத்தில் டீ ஆறிவிடுமென்று, "வாசிச்சதா எடுத்துக்கலாம்" என்று எல்லாரும் சேர்ந்து கையைத் தூக்கினீர்கள், போதகர் கையெழுத்துப் போட்டார். நூறு வருடம் கழித்து ஒருவன் வந்து பார்த்தால், நீங்கள் மணிக்கணக்கில் பேசியதா இருக்கும்? நான் எழுதியதுதான் இருக்கும். அதற்குப் பெயர்தான் சபைச் சரித்திரம்.

உங்கள் அத்தையும் என் கட்சி. மத்தியானம் ஜன்னல் வழியாகச் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு, "மினிட்ஸ முழுசா படிச்சீங்களா?" என்று அக்கறையாகக் கேட்டாள். என்னமோ சிரித்துக்கொண்டே போனாள்.

இந்தக் கடிதத்தைத் தச்சரிடமே கொடுத்தனுப்புகிறேன். பேத்திக்கு என் முத்தம். உங்கள் தாய் தகப்பனாருக்கு என் ஸ்தோத்திரம். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. என் போக்கு இந்த அறையோடு சரி.

இப்படிக்கு,
அசையாத மாமா

பி.கு.: கடிதத்தை மடித்தபின், தீர்மானத்தின் எண் சரிதானா என்று மினிட்ஸைப் புரட்டினேன். எனக்குக் கண் ஆபரேஷன் ஆன மாதம் நடந்த கூட்டத்துக்கு எனக்குப் பதிலாக உங்கள் அத்தைதான் எழுதினாள். போன ஞாயிறு, டிரம்ஸ் சண்டைக்குச் சீக்கிரம் போகவேண்டுமென்ற அவசரத்தில், அதை "வாசிச்சதா எடுத்துக்கலாம்" என்று முதலில் கையைத் தூக்கியவன் நான். இரண்டாவது கை உங்களுடையது. அவள் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது: 'ஏழாம் தீர்மானம் ரத்து செய்யப்படுகிறது. ஆவண அறை காலியாகும்போது பதிவேடுகள் அனைத்தும் செயலாளர் வீட்டு ஹாலில் வைக்கப்படும். காப்பாளரும் அவற்றோடு அங்கேயே தங்குவார்.'

ஆகவே மேலே எழுதியதை வாசிக்காததாக எடுத்துக்கொள்ளவும். தாழ்ப்பாளைத் திறந்துவிட்டேன். உங்கள் ஹாலில் மழை ஒழுகாதே? எனக்கு ஜன்னலோரம் ஒரு கட்டில் போதும். மகளிடம் விஷயத்தை நீங்களே சொல்லிவிடுங்கள்.