பாக்கெட்டின் பின்பக்கம்

"அண்ணாச்சி, எல்லாரும் முன்பக்கப் படத்தப் பாத்துத்தான் வாங்குவாக. நீங்க வந்ததுலருந்து பின்பக்கத்தயே பாத்துக்கிட்டு இருக்கிய. அங்க என்ன சினிமாவா ஓடுது?"

மம்சாபுரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் மைதீன் பிச்சை கேட்டார். வேல்பாண்டி நிமிரவில்லை. மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் 'டமார்' என்ற நொறுக்குத்தீனிப் பாக்கெட். படித்து முடித்த பாக்கெட்டுகள் கல்லா மேசையில் குப்புறக் கிடந்தன.

"பாய், இதுல ஐநூத்தம்பது கலோரின்னு போட்டிருக்கான்."

"இருக்கட்டும்."

"இம்புட்டுப் பெரிய பிஸ்கட்டுலகூட அம்புட்டு இல்ல. காத்தடைச்ச பையிக்குள்ள எப்படித் திணிச்சான்?"

"அத அவன்கிட்டத்தான் கேக்கணும். வாங்குதியளா, இல்ல வாசிச்சே பசியாறிருவியளா?"

வேல்பாண்டி பட்டாளத்தில் பதினேழு வருடம் இருந்துவிட்டு வந்து நெல் விவசாயம் பார்ப்பவர். பட்டாளத்தில் கலோரி பார்த்துத்தான் சோறு போடுவார்கள் என்பதால் அந்தச் சொல்லின் மேல் அவருக்குத் தனி மரியாதை. அவருடைய அப்பாவும் பட்டாளம்தான். இப்போது மகன் தனுஷ் போக வேண்டும். அடுத்த மாதம் செலக்சன். ஓட்டத்தில் பையனை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. எடைதான் இடித்தது. அவன் உயரத்துக்கு ஐம்பது கிலோ இருக்க வேண்டும். சாக்கு வாங்க ராஜபாளையம் போன இடத்தில், ராஜரத்தினத்தின் நெல் மண்டித் தராசில் பையன் ஏறி நின்றபோது நாற்பத்தெட்டு என்று சிவப்பு எழுத்தில் காட்டியது.

"எதுக்கும் இன்னொரு எடத்துல பாப்பமா?" என்றாள் மனைவி கனகலட்சுமி.

"கம்ப்யூட்டர் தராசுட்டி. மலை மாதிரி மூட்டையே அதுக்குத் தூசி. இந்த நோஞ்சானையா தப்பாச் சொல்லும்?"

அப்படித்தான் டமார் வீட்டுக்குள் நுழைந்தது. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, பொழுது சாய ஒன்று. நொறுக்குத்தீனியைக் கண்டாலே கம்பைத் தேடுகிற அப்பா தன் கையாலேயே பிரித்துத் தருகிறாரே என்று தனுஷ் பூரித்துப்போனான்.

ஒரு வாரம் கழித்து மறுபடி மண்டி. ராஜரத்தினமே எழுந்து வந்து சுவிட்சைத் தட்டினார். நாற்பத்தேழரை.

"கொறஞ்சிருக்கே?" என்றார் வேல்பாண்டி.

ராஜரத்தினம் தராசைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். "வளருத வயசுல்லா. நீட்டத்துல போயிருக்கும்" என்றார். ஏனோ ஒரு செம்பு மோரும் வரவழைத்துக் கொடுத்தார்.

வீட்டில் கனகலட்சுமி காரணம் சொன்னாள். "சோத்த எங்க திங்கான்? அந்தத் தீனியத் தின்னு, தண்ணியக் குடிச்சிட்டு, வயிறு நெறஞ்சுபோச்சுங்கான்."

வேல்பாண்டி விடவில்லை. பாக்கெட்டை வாசல் வெயிலுக்குக் கொண்டுபோய்ப் படித்தார். எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி இருந்தது. நூறு கிராமுக்கு ஐநூற்றைம்பது. பாக்கெட்டில் இருந்ததோ இருபது கிராம்.

"ஏமாத்திட்டான்னு சொல்ல முடியாதுட்டி. எழுதித்தான் வச்சிருக்கான். நாமதான் ஒழுங்காப் பாக்கல."

"பாத்தாச்சுல்ல, விட்ருங்க."

"விடவா? ஒண்ணு குடுத்த எடத்துல அஞ்சு குடுக்கணும்."

மைதீன் பிச்சையின் கடையில் தொங்கிய பாக்கெட் சரத்தை அப்படியே அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு நாளில் தனுஷின் பூரிப்பு அடங்கிவிட்டது. மூன்றாம் நாள் தொண்டை கட்டியது. அப்பா மறுபடி பின்பக்கத்தைப் படித்து, உப்பு அதிகம் என்று கண்டுபிடித்தார். உப்பை அமர்த்தத் தயிர்ச்சோற்றில் நொறுக்கிப் பிசைந்து கொடுக்கச் சொன்னார். காரம் சேர்ந்து வாயெல்லாம் புண். அதோடு அந்தத் தயிர்ச்சோறும் நின்றது.

அதைவிடப் பெரிய இடி மைதானத்தில் விழுந்தது. எல்லாருக்கும் முன்னால் ஓடுகிறவன் பாதியில் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"முடியலப்பா. மூச்சு வாங்குது."

அன்று சாயங்காலம் தராசு நாற்பத்தாறரை காட்டியது. ராஜரத்தினத்துக்கு முகமே சரியில்லை. "செலக்சன் வரைக்கும் இந்தப் பக்கம் கூட்டிட்டு வராதீங்க மாப்ள. அடிக்கடி எடை போட்டா பய மனசு விட்டுருவான்" என்று சொல்லி, இந்த முறை இரண்டு செம்பு மோர் கொடுத்தார்.

"ஓட்டமாவது உருப்படியா இருந்துச்சு. இப்ப அதுவும் போச்சு" என்றாள் கனகலட்சுமி. மூன்று தலைமுறைக் கனவைத் தானே இருபது கிராம் பையில் போட்டுக் கட்டிவிட்டோமே என்று வேல்பாண்டி நொந்துகொண்டார். மிச்சம் இருந்த பாக்கெட்டுகளைக் கோழிக்குப் போட்டார். கோழி கொத்திப் பார்த்துவிட்டு நகர்ந்து போனது.

செலக்சன் நாளும் வந்தது. பஸ்ஸில் போகும்போது மகனுக்கு வாழைப்பழம் உரித்துக் கொடுத்தார். பையில் தப்பிக் கிடந்த ஒரு டமாரையும், ஆனது ஆகட்டும் என்று பிரித்துக் கொடுத்தார். பிறகு மைதான வாசலில் வேப்பமரத்தடியில் நின்று, தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டார்.

தனுஷ் வெளியே வந்தான்.

"ஓட்டம் என்னாச்சுலே?"

"கடைசி ஆளா வந்தேன். ஆனா நேரத்துக்குள்ள வந்துட்டேன்."

"எடை?"

"அம்பதரை."

"ஏலே, சரியாக் கேட்டியா?"

"அவிய ரெண்டு தடவ பாத்துத்தான் எழுதுனாவ. பாஸ்ப்பா."

வேல்பாண்டி அங்கேயே மகனைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும் சந்தேகம் பிடித்துக்கொண்டது. நாலு கிலோ எப்படி வந்தது? அவ்வளவு நாளும் எங்கே ஒளிந்திருந்தது?

ஊருக்குத் திரும்புவதற்குள் அவரே ஒரு விடையும் கண்டுபிடித்துவிட்டார். "கலோரிங்கறது உரம் மாதிரி பாய். போட்ட அன்னைக்கே பயிரு நிமிருமா? உள்ள இருந்து பொறவுதான் வேலையக் காட்டும்."

மைதீன் பிச்சை தலையாட்டிவிட்டு, கடை வாசலில் கூடுதலாக நாலு சரம் தொங்கவிட்டார். ஒல்லிப் பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்கள் சுந்தரபாண்டியத்தில் இருந்துகூட டமார் தேடி வந்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் வேல்பாண்டி பின்பக்கத்தை விளக்கினார். ஆனாலும் அவர் மனசு ஆறவில்லை. உரம் என்றாலும் அதற்குள் நாலு கிலோவா?

அறுவடை முடிந்து நெல்லை மண்டிக்கு ஏற்றிப் போனார். ராஜரத்தினம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். மூட்டை தூக்கும் சோலைச்சாமி மட்டும் இருந்தார். வேல்பாண்டியின் மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தராசில் ஏற்றி இறக்கியபடியே கதை முழுவதையும் கேட்டார்.

"இந்தா, இதே தராசுலதான்" என்று வேல்பாண்டி அதைத் தட்டிக் கொடுத்தார். "இதுல நாப்பத்தாறரை. அங்க போனா அம்பதரை. நானும் அந்தப் பாக்கெட்ட முன்னையும் பின்னையும் படிச்சுப் பாத்துட்டேன். அந்த நாலு கிலோ எங்க இருந்து வந்துச்சுன்னு மட்டும் புடிபடவே இல்ல."

சோலைச்சாமி அடுத்த மூட்டையைத் தராசில் இறக்கிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இதுலயா அண்ணாச்சி பையன ஏத்துனிய? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா உள்ள இருக்கிற தராசக் காட்டிருப்பேனே. இது நாங்க நெல்லு வாங்குறதுக்குன்னே வச்சிருக்கிற தராசுல்லா."