குருகின் கண் தெரியும் லென்ஸ்

நீர்நிலைப் பராமரிப்பு ஆணையரகத்துக்கு ஒரு லென்ஸ் தேவைப்பட்டது.

மனிதனுக்குத் தாகம் எடுத்தால் ஒரு குவளை தண்ணீர் குடித்துவிட்டு வேலையைப் பார்ப்பான். அலுவலகத்துக்குத் தாகம் எடுத்தால் அதை மூன்று பிரதிகளில் எழுத வேண்டும். தாகம் உண்மையானதுதானா என்று ஒரு குழு நாக்கைத் தொட்டுப் பார்க்க வேண்டும். தண்ணீர் ஈரமாகவே இருக்கும் என்று கொடுப்பவர் உறுதிமொழி தர வேண்டும். இதெல்லாம் முடிவதற்குள் தாகம் எடுத்த ஆள் ஓய்வு பெற்றுவிடுவது வழக்கம்.

இந்தத் தாகம் எடுத்தது பறவைக் கணக்கெடுப்பாளருக்கு. பத்தொன்பது வருடமாக ரப்பர் காலணி போட்டுக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் கழுத்தை நீட்டியபடி நின்று நின்று, அலுவலகத்தில் அவளுக்குக் கொக்கம்மா என்றே பெயர் விழுந்துவிட்டது. அவளும் கோபித்துக்கொள்வதில்லை. அந்த அலுவலகத்தில் வேறு யாருக்கும் பறவையின் பெயர் வைக்கும்படியான நடத்தை கிடையாது.

ஏரியின் வடகரையை மண் கொட்டி நிரப்பி வாகன நிறுத்துமிடம் கட்டுவதென்று மேலிடம் முடிவெடுத்திருந்தது. ஆனால் சட்டத்தில் ஒரு வரி குறுக்கே படுத்துக் கிடந்தது. பாதுகாப்புப் பட்டியலில் உள்ள பறவை ஏதாவது அங்கே குஞ்சு பொரிப்பதாகத் தெளிவான படத்துடன் நிரூபித்தால் மண் கொட்டக் கூடாது. தெளிவான படம் என்பது பறவையின் கண் தெரியும் படம். வடகரை நாணலுக்குள், அந்தப் பட்டியலில் உள்ள நாணல் குருகு ஒன்று நான்கு முட்டை இட்டு அடைகாப்பதைக் கொக்கம்மா கண்டுபிடித்தாள். லாரிகள் வர நாற்பது நாள் இருந்தது.

அலுவலகக் கேமராவில் இருந்த குட்டி லென்ஸால் படம் எடுத்து ஆணையரிடம் காட்டினாள். ஆணையர் உற்றுப் பார்த்தார்.

"எங்கம்மா குருகு?"

"உங்க விரலுக்குக் கீழ சார்."

விரலை எடுத்தார். "இது தூசி." ஊதிப் பார்த்தார். அது போகவில்லை. "பிடிவாதமான தூசி."

"தூரத்துலேர்ந்து எடுத்தது சார். அதான் பெரிய லென்ஸ் கேட்கிறேன்."

"கிட்டப் போய் எடுக்கறதுதானே?"

"கிட்டப் போனா கூட்டை விட்டுட்டுப் பறந்துடும் சார்."

"நாம பராமரிக்கிற பறவை, நம்மளப் பாத்தா பறக்கும்?"

"நம்மளப் பாத்தாதான் சார் பறக்கும்."

ஆணையருக்கு இது பாராட்டா வசவா என்று புரியவில்லை. புரியாதவற்றுக்குக் குழு அமைப்பது அவர் வழக்கம். அமைத்தார்.

கொக்கம்மா கேட்டது எளிமையான பொருள். நூறு முதல் நானூறு மில்லிமீட்டர் வரை நீளும் ஜூம் லென்ஸ். கையில் தூக்கி நிற்கும்படியான எடை, கை நடுங்கினாலும் படம் நடுங்காத வசதி. கொள்முதல் எழுத்தர் விண்ணப்பத்தைத் திருப்பி நீட்டினார்.

"அளவுன்னு ஒரு கட்டம்தாம்மா இருக்கு. அதுல ஒரு எண்தான் எழுதணும். நீங்க நூறுலேர்ந்து நானூறு வரைன்னு முன்னூறு எண் எழுதியிருக்கீங்க."

"அது ஜூம் லென்ஸ் சார். குருகு தூரத்துல இருந்தா நானூறு, கிட்ட வந்தா நூறு."

"குருகு முதல்ல எங்க இருக்கறதுன்னு முடிவு பண்ணட்டும்."

"அது பறவை சார்!"

"சரி, சண்டை வேண்டாம். சராசரி போட்டுடலாம்." நூறையும் நானூறையும் கூட்டி இரண்டால் வகுத்து, இருநூற்றைம்பது என்று அழகான கையெழுத்தில் எழுதினார். நியாயமான மனிதர். யார் பக்கமும் சாயாதவர். குருகின் பக்கம்கூட.

குழுவுக்கு ஒரு வல்லுநர் வேண்டுமே என்று பல் டாக்டரை அழைத்தார்கள். ஊரின் காட்டுயிர்ப் புகைப்படச் சங்கத் தலைவர் அவர்தான். இரண்டு வருடமாக ஊரில் அந்தக் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் பல்லியைக் கண்டால் கட்டில்மேல் ஏறுகிறவர்களெல்லாம் இலை அச்சடித்த கால்சட்டை போட்டு, தோளில் பீரங்கி போல லென்ஸைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவில் நடந்தார்கள். சங்கக் கூட்டத்தில் அறுநூறு மில்லிமீட்டர்காரர்களுக்கு முன்வரிசை. நானூறுக்குப் பின்வரிசை. முன்னூறுக்குக் கீழே உள்ளவர்கள் நாற்காலி எடுத்துப் போடலாம். ஒருமுறை கூட்டத்தின் நடுவே நிஜமான மீன்கொத்தி ஒன்று ஜன்னலில் வந்து உட்கார்ந்தது. ஒருவரும் படம் எடுக்கவில்லை. அவ்வளவு கிட்டே இருப்பது அவர்கள் லென்ஸில் விழாதாம். பல் டாக்டர் எடுத்த படங்களில் புகழ்பெற்றது நிலா. அவரைக் கண்டு ஓடாத ஒரே காட்டு விலங்கு அதுதான்.

"லென்ஸ் வெள்ளையா இருக்கணும்," என்றார் பல் டாக்டர். "கறுப்பு லென்ஸ் வெச்சிருக்கறவனை யாரும் மதிக்கறதில்ல."

"வெள்ளையைப் பாத்தா பறவை பயப்படும் சார்," என்றாள் கொக்கம்மா.

"அப்ப மேல இலைநிறத் துணி உறை போட்டுடலாம்."

கொள்முதல் எழுத்தர் கை தூக்கினார். "உறை போட்டா இருப்புச் சரிபார்க்க வர்றவர் கண்ணுக்குத் தெரியாதே. பொருள் காணோம்னு எழுதிடுவார். உறைமேல சிவப்புல ஆணையரகத்தோட பேர் ஒட்டணும்."

மூன்றும் ஏகமனதாக நிறைவேறின. கறுப்பு வேண்டாமென்று வெள்ளை, வெள்ளையை மறைக்கப் பச்சை, பச்சையைக் காட்டச் சிவப்பு. அந்த வாரம் முட்டைகள் பொரிந்தன.

சோதனைக்காகக் கேமராக் கடைக்காரர் ஒரு பெட்டியில் லென்ஸ்களைக் கொண்டுவந்தார். அலுவலகம் இருந்த மூன்றாவது மாடியில் பறவை கிடையாது. எனவே, பறவையின் இடத்தில் ஆணையர் நிற்பதெனத் தீர்மானித்து, அவர் நடைக்கூடத்தின் கோடியில் போய்த் தலையைச் சற்றே உயர்த்தி நின்றார்.

முதலில் கொக்கம்மா கேட்ட நூறு-நானூறு. படத்தைத் திரையில் பெரிதாகப் போட்டார்கள். மீசையில் சாயம் முடிந்து நரை தொடங்கும் எல்லை தெரிந்தது. மூக்கின் குழிகளை எண்ணலாம். மீசை ஓரத்தில் காலைப் பலகாரத்தின் துணுக்கு ஒன்று ஒதுங்கியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால், பெரிய அதிகாரிகளிடம் மட்டும் இருக்கும் அந்தச் சின்னப் பயம்கூடத் தெரிந்தது.

"ரொம்பக் கறாரான லென்ஸ்," என்றார் பல் டாக்டர், மெதுவாக.

எழுத்தர் எழுதினார்: 'தேவைக்கு மிகுந்த விவரம் தருகிறது.'

அடுத்து அறுநூறு. அதில் ஆணையரின் ஒரு நாசித் துவாரம் மட்டும் திரை நிறைய விழுந்தது. 'ஆணையர் முழுமையாக அடங்கவில்லை.'

மூன்றாவதாக எழுத்தரே பெட்டிக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்தார். நீளவோ சுருங்கவோ தெரியாத பழைய லென்ஸ். இருநூற்றைம்பது என்று அதன்மேல் எழுதியிருந்தது. அதில் ஆணையர் பத்து வயது குறைந்து, பனிக்குள்ளிருந்து வருபவர் போல மின்னினார். தலையைச் சுற்றி ஓர் ஒளி வேறு.

"இதுதான்!" என்றார் ஆணையர். தன் முகத்தை அப்படி அவர் பார்த்தே வெகு காலமாகியிருந்தது.

கடைக்காரர் பதறினார். "சார், அது விக்கறதுக்கு இல்ல. கடையில காகிதம் பறக்காம இருக்க மேல வெச்சிருப்பேன். தவறி வந்துடுச்சு. உள்ள பூஞ்சை பிடிச்சிருக்கு சார்!"

பல் டாக்டர் லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "பூஞ்சையும் உயிர்தானே? நாம கேட்டது காட்டுயிர் லென்ஸ். இதுல உயிர் உள்ளேயே இருக்கு."

வல்லுநர் சொன்ன பிறகு யாருக்கும் மறுப்பில்லை. லென்ஸுக்கு வெள்ளைச் சாயம் அடித்து, பச்சை உறை மாட்டி, சிவப்புப் பெயர் ஒட்டி, விழா எடுத்துக் கொக்கம்மாவிடம் கொடுத்தார்கள். லாரி வர ஐந்து நாள் இருந்தது.

அவள் அதைக் கொண்டுபோய்க் குருகை எடுத்தாள். படத்தில், ஒளிவட்டத்துக்கு நடுவே, கரைந்துகொண்டிருக்கும் சோப்பு போல ஏதோ இருந்தது. கண்ணைக் காணோம். தலையே எந்தப் பக்கம் என்று சொல்ல முடியவில்லை. அன்று மாலை நேராகக் கேமராக் கடைக்குப் போனாள். கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்க வேண்டியிருக்கவில்லை. கடைக்காரரே அந்த நூறு-நானூறை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"எடுத்துட்டுப் போங்கம்மா. உள்ளதைக் காட்டினதைத் தவிர இது ஒரு தப்பும் பண்ணல. ரெண்டு நாள்ல குடுத்துடுங்க."

விடிந்ததும் நாணலுக்கு இப்பால் தண்ணீரில் நின்றாள். ஒரு மணி நேரம் ஆனது. கால் மரத்துவிட்டது. பிறகு நாணல் அசையாமல், நாணலின் ஒரு பகுதி மட்டும் நடந்து வந்தது. குருகு. அலகில் மீன். கூட்டுக்குள் நான்கு வாய்கள் திறந்தன. அவள் லென்ஸை நீட்டினாள். தாய் ஒரு கணம் திரும்பி நேராகப் பார்த்தது. மஞ்சள் கண், அதற்குள் கறுப்புப் பொட்டு, பொட்டுக்குள் வானம். அழுத்தினாள். பத்தொன்பது வருடத்தில் தன் வேலையைத் தான் செய்ததாக அவளுக்குத் தோன்றிய முதல் காலை அது.

படம் கோப்பில் ஏறியது. மறுநாளே ஆணையர் கூப்பிட்டனுப்பினார்.

"படம் பிரமாதம்மா. எந்த லென்ஸ்?"

"கடைக்காரர்கிட்ட இரவல் வாங்கினது சார். கண் தெரியுது பாருங்க."

"தெரியுது. அதான் சிக்கல். இந்த லென்ஸை நாம நிராகரிச்சிருக்கோம். நிராகரிச்ச லென்ஸுல தெரியறது எப்படி நமக்குத் தெரியும்?"

"குருகு அங்கதானே சார் இருக்கு!"

எழுத்தர் உதவிக்கு வந்தார். "ஆணையரகத்தோட உடைமை இல்லாத கருவியில தெரியற பறவை, ஆணையரகத்தோட பறவை ஆகாதும்மா. நம்ம லென்ஸுல எடுத்த படம் இருக்கு. அதுல இருக்கறது பறவைன்னு நிரூபணம் ஆகல."

அனுமதியின்றித் தெளிவாகப் படம் எடுத்ததற்கு விளக்கம் கேட்டு அவளுக்கு ஒரு குறிப்பாணை வந்தது. பதவி உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. அவள் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஏறுவதும் இறங்குவதும் அவருக்குத் தொழில். குறிப்பாணையை இரண்டு தடவை படித்தார்.

"உனக்கு எதுக்கு ஊர் வம்பு? குருகுக்கு றெக்கை இருக்கு, போயிக்கும். உன் பதவி உயர்வுக்கு றெக்கை முளைச்சா திரும்பி வராது."

சொன்ன தேதியில் லாரிகள் வந்தன. அந்த ஆணையரகத்தின் வரலாற்றில் சொன்ன தேதியில் வந்தது அவை மட்டும்தான். நான்கு குஞ்சுகளில் எத்தனைக்கு அதற்குள் பறக்கத் தெரிந்திருந்தது என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

வாகன நிறுத்துமிடம் எழுந்தது. மதில் வெறுமையாக இருக்கிறதே என்று யோசித்த பல் டாக்டருக்குக் கோப்பிலிருந்த படம் நினைவுக்கு வந்தது. கொக்கம்மாவின் குருகையும் நான்கு குஞ்சுகளையும் மதில் நீளத்துக்குப் பெரிதாக்கி ஒட்டினார்கள். இன்னொரு படத்திலிருந்து ஆண் குருகும் வெட்டி ஒட்டப்பட்டது. கீழே, 'நம் பறவைகளைக் காப்போம்.' திறப்பு விழாவில் சங்கத்தார் அனைவரும் கேமராவுக்கு முக்காலி போட்டு, அறுநூறு மில்லிமீட்டரில் அந்த மதிலைப் படம் எடுத்தார்கள். பறவை அசையாமல் நின்றதால் எல்லாருக்கும் நன்றாக வந்தது.

வருடாந்தரக் கணக்கெடுப்பு வந்தது. 'வடகரையில் நாணல் குருகு: எண்ணிக்கை' என்ற கட்டத்தில் கொக்கம்மா சுழியம் போட்டாள். ஆணையர் அன்பாகவே பேசினார்.

"என்னம்மா சுழியம்? மதில்ல ரெண்டு பெரிசு, நாலு குஞ்சு இருக்கே. கண்ணுகூடத் தெரியுது. போன வருஷம் ஒண்ணும் நிரூபணம் ஆகல. இந்த வருஷம் ஆறு. எவ்வளவு வளர்ச்சி பாரு! நீ ஆறுன்னு போட்டா அந்தக் குறிப்பாணைய நான் மறந்துடுவேன்."

அவள் கணவர் சொன்ன றெக்கையை நினைத்தாள். ஆறு என்று எழுதினாள். ஆணையரகத்துக்கு விருது கிடைத்தது. அவளுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. ஆறு குருகு இருக்கும் ஏரி என்ற செய்தி பரவி வெளியூரிலிருந்தெல்லாம் இலைக் கால்சட்டைகள் வந்து குவிந்தன. வடகரை நிறுத்துமிடம் போதவில்லை. தென்கரையையும் நிரப்பித் தர வேண்டுமென்று ஊரார் ஒரு மனு கொடுத்தார்கள். அது அவள் மேசைக்கே வந்தது. பக்கங்களைப் புரட்டியவள் ஓரிடத்தில் நின்றாள். கணவரின் கையெழுத்து.

"என்னங்க இது?" என்று வீட்டில் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை வண்டி நிறுத்த இடமே இல்ல. அவ்வளவு கூட்டம். ஏன், நீதானே ஆறுன்னு எழுதின?"

மறுநாள் காலை தென்கரைக்குப் போனாள். நாணலுக்குள் அரைமணி நேரம் நின்றாள். இருந்தன. மூன்று. தாயும் இரண்டு இளசும். ரப்பர் காலணியோடு ஓட்டமும் நடையுமாக அலுவலகம் வந்து எழுத்தர் முன் மூச்சிரைக்க நின்றாள்.

"சார், தென்கரையில குருகு இருக்கு. நானே பாத்தேன்."

எழுத்தர் பதிவேட்டைப் புரட்டி, அவள் பக்கம் திருப்பி வைத்தார். "எப்படிம்மா இருக்கும்? ஆறும் வடகரையில இருக்குன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. ஒரே குருகு ரெண்டு கரையில இருக்க முடியுமா? ஆறு தப்புன்னு வேணா எழுதிக் குடுங்க. விருதைத் திருப்பணும், உங்க பதவி உயர்வையும் திருப்பணும். பரவாயில்லையா?"

தென்கரைக் கோப்பு மேசைமேல் விரிந்திருந்தது. 'பறவை எதுவும் பாதிக்கப்படாது' என்று அச்சடித்திருந்தார்கள். கொக்கம்மா கொஞ்ச நேரம் கழுத்தை நீட்டி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு, அதில் எந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டாள்.